சிவப்பு விளக்கு எரிந்த இரவு

“உம்மா, ரோட் ஏன் இருட்டாகிட்டு வருது?”

பின் ஆசனத்திலிருந்து என் மகள் இப்படிக் கேட்டபோது நாங்கள் கடுகண்ணாவயைத் தாண்டி மாவனல்லைப் பக்கமாக மலையிறங்கத் தொடங்கியிருந்தோம். 2023 டிசம்பர் மாதம். நல்ல மழை. அக்குறணையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய், இஷாவுக்குப் பின் புறப்பட்டு வந்துகொண்டிருந்தோம். காரில் நான், என் மாமி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன். என் கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கும் கொண்டுபோக இன்னொருவரை எத்தனை நாளைக்குத்தான் கெஞ்சுவது என்றுதான் நான் லைசன் எடுத்தேன்.

இருட்டானது ரோட் அல்ல. எங்கள் காரின் விளக்குகள்தான் மங்கிக்கொண்டிருந்தன. வைப்பர் களைத்துப்போன ஆள் கையை அசைப்பது போல மெல்ல மெல்ல அசைந்தது. முன் தட்டில் இருந்த சின்ன விளக்குகள் எல்லாம் வெசாக் கூடு மாதிரி ஒன்றாய் எரிந்தன. எஞ்சின் இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றுவிட்டது. ஹெட் லைட் முழுதாய் அணைந்தது. இறக்கம், வளைவு, மழை, கும்மிருட்டு!

ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. பயத்தில் காலை எடுத்து மறுபடி மிதித்தேன், இன்னொரு தரமும் மிதித்தேன். மூன்றாவது முறை பெடல் பலகை போல் இறுகிவிட்டது. இரண்டாம் கியரில் இருந்ததாலும், ஹேண்ட் பிரேக்கை இழுத்ததாலும் இடது ஓரத்தில் கானை ஒட்டிக் கார் நின்றது. மாமி சத்தமாக ஓதத் தொடங்கினார். மகன் அழுதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான் இருந்தது. மலைப் பாதையின் வளைவில் எங்கள் கார் ஒரு கறுப்புப் பெட்டி. பின் விளக்கு இல்லை, சிக்னல் இல்லை, ஹோர்ன் இல்லை. மேலேயிருந்து வரும் லொறிக்கு நாங்கள் அங்கே இருப்பதே தெரியாது. பிள்ளைகளை இறக்க வேண்டும். பின் கதவின் கண்ணாடி இறங்கவில்லை. அதுவும் கரண்டில் வேலை செய்வதுதானே! கதவும் உள்ளிருந்து திறபடவில்லை. பிள்ளைகள் ஓட்டத்தில் திறந்துவிடக் கூடாது என்று நானே போட்டு வைத்த சைல்ட் லொக்! மழையில் இறங்கிப் போய் வெளியிலிருந்து திறந்துதான் இருவரையும் எடுத்தேன்.

மாமியின் வெள்ளைச் சால்வையை வாங்கி, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை அதன் மேல் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு மேலே ஏறி நின்று வீசினேன். இரண்டு வாகனங்கள் ஒதுங்கிப் போயின. கீழேயிருந்த தேநீர்க் கடைக்காரர் டோர்ச்சோடு ஓடி வந்தார். சிங்களவர், வயதானவர். ஒரு மரக்கொப்பை முறித்து வந்து எங்களுக்கு வெகு தூரம் மேலே ரோட்டில் போட்டார். நம் நாட்டில் எந்த ஓட்டுனருக்கும் புரிகிற அடையாளம் அது. பிள்ளைகளுக்குப் பிளேன்டீயும் பனிஸும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மாவனல்லையிலிருந்து என் நானா வந்து எங்களைக் கூட்டிப் போகும்போது இரவு பதினொரு மணி கடந்துவிட்டது.

சகோதரிகளே, இது திடீரென்று நடந்ததா? அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த நாள் காலையில்தான் உண்மை தெரிந்தது.

எங்கள் ஊரில் வாகன வயரிங் வேலை செய்யும் ஒரு நானா இருக்கிறார். பொனட்டைத் திறந்து, ஒரு சின்ன மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “பெட்டரி புதிசா?”

“ஓம் நானா. ரெண்டு கிழமைக்கு முந்தித்தான் போட்டது.”

“ஏன் போட்டீங்க?”

“சிவப்பு லைட் பத்தி பத்தி அணைஞ்சிச்சி. கடையில பெட்டரிய மாத்தச் சொன்னாங்க.”

அவர் சிரித்தார். “பெட்டரிக்கு ஒரு வருத்தமும் இல்ல தங்கச்சி. டைனமோதான் சார்ஜ் பண்ணல்ல. காபன் தேஞ்சி முடிஞ்சிட்டு.”

அவர் கழற்றிக் காட்டிய கரித் துண்டுகள் இரண்டும் என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. புதுச் சோடியின் விலையோ, நான் பெட்டரிக்குக் கொடுத்ததில் ஒரு சிறு துணுக்கு!

தட்டில் எரியும் அந்த விளக்கில் இருப்பது பெட்டரியின் படம். ஒரு சதுரப் பெட்டி, மேலே ஒரு கூட்டல், ஒரு கழித்தல். படத்தைப் பார்த்தால் “பெட்டரி பழுது” என்றுதான் எவருக்கும் தோன்றும். கடைக்காரரும் அப்படித்தான் சொன்னார். தெரியாமல் சொன்னாரா, விற்பதற்காகச் சொன்னாரா என்பதை அவரிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த விளக்கு சொல்ல வருவது வேறு. “பெட்டரிக்கு மின்சாரம் வந்து சேரவில்லை” என்பதே அதன் பேச்சு.

நம் வீட்டு மேல்மாடித் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மோட்டார் இருக்கிறது. அது தண்ணீரை ஏற்றுகிறது. தாங்கி சேர்த்து வைக்கிறது. நாம் குழாயைத் திறக்கிறோம். மோட்டார் பழுதாகிவிட்டாலும் குழாயில் தண்ணீர் வரத்தான் செய்யும். எதுவரை? தாங்கி தீரும்வரை. காரில் தாங்கி பெட்டரி. மோட்டார் என்பது எஞ்சினோடு பெல்ட்டால் சுழலும் டைனமோ. இன்றைய கார்களில் அதற்கு ஒல்டர்னேட்டர் என்று பெயர். நம் பாஸ்மாரும் நானாமாரும் பழைய பெயரை விடவில்லை, நானும் விடவில்லை. நான் செய்தது என்ன? மோட்டார் பழுதாகியிருக்க, தாங்கியை மாற்றினேன். புதுத் தாங்கி நிறையத் தண்ணீரோடு வந்ததால் இரண்டு கிழமை நிம்மதியாய் இருந்தேன். கரித்துண்டு தேயும்போது சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. அதனால்தான் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. அணைந்தபோதெல்லாம் “சரியாகிவிட்டது” என்று நினைத்தேன்.

அன்றிரவு அது கட்டுகஸ்தோட்டையில் எரிந்தது, பிறகு அணையவேயில்லை. கண்டி நெரிசலைக் கடந்து, பேராதனையைக் கடந்து, கடை வெளிச்சங்கள் நிறைந்த பிலிமத்தலாவயையும் கடந்து வந்தேன். நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான். “வீடு கிட்டத்தானே” என்ற ஓர் எண்ணம் என்னை மலைக்குக் கொண்டுவந்து விட்டது.

கணக்குப் பார்ப்போமா?

வயரிங் நானா ஒரு சிகரட் பெட்டியின் பின்பக்கத்தில் எனக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. சின்னக் கார் ஒன்றின் பெட்டரி 35 அம்பியர் மணி அளவு என்று வையுங்கள். ஹெட் லைட் இரண்டும் 55 வாட் வீதம் 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 அம்பியர் அளவு. எஞ்சின் ஓடுவதற்கான இக்னிஷன், பெட்ரோல் பம்ப் எல்லாமாய் இன்னும் அதே அளவு. வைப்பர் மூன்று நான்கு. ஏசி விசிறி வேகமாய்ச் சுற்றினால் ஏழு எட்டு. பின் கண்ணாடியின் புகாரைப் போக்கும் கம்பிச்சூடு பத்துக்கு மேல். நான் அன்று எதைத்தான் போடவில்லை! ஏசி, கம்பிச்சூடு, போன் சார்ஜர் எல்லாமே. போதாதற்கு மாமி மருந்துப் பையைத் தேடுவதற்காக உள் விளக்கும். கூட்டிப் பாருங்கள், நாற்பதைத் தொடும். புது பெட்டரியே ஒரு மணித்தியாலத்துக்குத் தாக்குப் பிடிக்காது. பழையதென்றால் அதில் பாதியும் கிடைக்காது.

ஆகவே அந்தச் சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்து நின்றுவிட்டால், உங்கள் கையில் இருப்பது கொஞ்ச நேரம் மட்டுமே. அந்த நேரத்தை நீட்ட உங்களால் முடியும். ஏசி, விசிறி, ரேடியோ, சார்ஜர், கம்பிச்சூடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இரவில் ஹெட் லைட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். எஞ்சினையும் அணைக்காதீர்கள். மறுபடி ஸ்டார்ட் பண்ண ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு அம்பியருக்கு மேல் வேண்டும். உள்ளதையெல்லாம் அது ஒரே மிடறில் குடித்துவிடும். அப்படியே ஓட்டிக்கொண்டு போய் வெளிச்சமும் ஆட்களும் உள்ள முதல் இடத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் ஷெட், கடைவீதி, பள்ளிவாசல் முற்றம், பொலிஸ் நிலையம், எதுவானாலும் சரி. வீடுவரை போகப் பார்க்காதீர்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சிவப்பு விளக்கோடு சேர்ந்து வெப்பமானி முள்ளும் மேலே ஏறுகிறதா? அப்படியானால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல கார்களில் எஞ்சினைக் குளிரச் செய்யும் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. அந்த நிலையில் ஓட்டிக்கொண்டு போனால் எஞ்சினே வெந்துபோகும். ஓரமாய் நிறுத்தி அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம். கொதிநீர் முகத்தில் பாயும்.

எஞ்சின் ஓட்டத்திலேயே நின்றுவிட்டால்? நான் செய்த பிழையைச் செய்யாதீர்கள். எஞ்சின் அணைந்த பிறகும் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிப்புக்கு மிஞ்சியிருக்கும். விட்டு விட்டு மிதித்தால் அது தீர்ந்துவிடும். ஒரே தடவை அழுத்தி மிதித்து, காலை எடுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங் கனக்குமே தவிரத் திரும்பாமல் போகாது. இரண்டு கையாலும் பலமாய்த் திருப்புங்கள். திறப்பை மட்டும் கழற்றிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

புகை மணத்தால்...

கரண்ட் இல்லாமற் போவது ஒரு விதம். கரண்ட் போகக் கூடாத வழியில் போவது இன்னொரு விதம். இரண்டாவதுதான் உயிருக்கு ஆபத்து. வயரின் மேல் தோல் உரிந்து இரும்பில் பட்டாலும், எலி கடித்து வைத்தாலும் வயர் சூடேறி உருகும். முதலில் வருவது மணம்தான். பிளாஸ்டிக் கருகும் மணம். சமையலறையில் ஒரு பொருள் அடிப்பிடித்தால் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்துவிடும் நமக்கு இது ஆண்களைவிட முன்னதாகவே தெரியும். “வெளியில் எதையோ எரிக்கிறார்கள்” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நிறுத்துங்கள், அணையுங்கள், எல்லோரையும் இறக்குங்கள். பையையும் செருப்பையும் தேட வேண்டாம். இறங்கி நன்றாகத் தள்ளிப் போய் நில்லுங்கள். பொனட்டுக்குள் புகையோ நெருப்போ தெரிந்தால் அதை அகலத் திறக்காதீர்கள். காற்றுப் புகுந்து சுவாலை எழும். தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். காரில் சின்னத் தூள் அணைப்பான் ஒன்று இருந்தால் புகை மட்டத்தில் உதவும். அதை டிக்கியில் போட்டு வைக்காமல் ஆசனத்தின் கீழ் வையுங்கள். சுவாலை எழுந்துவிட்டால் அந்தக் காரை விட்டுவிட வேண்டியதுதான். தீயணைப்புக்கு 110, பொலிஸுக்கு 119. அதிவேக நெடுஞ்சாலையில் நின்றால் 1969.

இந்த இடத்தில் ஒரு கெட்ட வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஃபியூஸ் போய்விட்டால் சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபியூஸ் என்பது வயரைக் காப்பாற்றத் தன்னை எரித்துக்கொள்ளும் ஒரு மெல்லிய கம்பி. ஈயத்தாள் எரியாது; பதிலாக வயர் எரியும். நிறத்தைப் பார்த்து அதே நிறத்தைப் போடுங்கள். சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. புதிதாய்ப் போட்டதும் உடனே மறுபடி போகிறதா? உள்ளே பிழை இருக்கிறது. அதற்குமேல் பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்காமல் வயரிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

காலையில் திறப்பைத் திருப்பினால் “டிக்” என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதென்றால், பெட்டரியின் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாய், சில நேரம் பச்சை நீலமாய்ப் பூத்திருக்கும். நம் அலுமாரியிலுள்ள அப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். கழற்றும்போது கழித்தல் முனை முதலில். பூட்டும்போது அது கடைசியில். பிறகு கொஞ்சம் வாஸ்லின் பூசிவிடலாம். பெட்டரியின் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள், அதிலிருந்து வரும் வாயு வெடிக்கக் கூடியது. அமிலம் கையில் பட்டால் ஓடும் தண்ணீரில் நிறையக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்கு!

வேறொரு காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. சிவப்பு வயர் முதலில் செத்த பெட்டரியின் கூட்டலுக்கு, பிறகு நல்ல பெட்டரியின் கூட்டலுக்கு. கறுப்பு வயர் நல்ல பெட்டரியின் கழித்தலுக்கு, அதன் மறுமுனை செத்த காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பெட்டரியிலிருந்து தள்ளி. உதவிக்கு வரும் ஆண்பிள்ளைகள் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு. பக்கத்தில் நின்று கவனியுங்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பெரிய பெட்டரி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அதை எழுப்புவதற்கும் ஒரு சின்ன 12 வோல்ட் பெட்டரி வேண்டும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது, ‘ரெடி’ என்ற எழுத்து வராமல் ரேடியோவை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சின்ன பெட்டரி வற்றிவிடும். பிறகு கார் அசையாது. அதற்கு வெளியிலிருந்து வயர் கொடுக்கலாம். ஆனால் அதிலிருந்து மற்றவரின் காருக்குக் கொடுக்கப் போகாதீர்கள். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவே வேண்டாம். ரிமோட்டுக்குள் ஒரு சின்ன இரும்புத் திறப்பு ஒளிந்திருக்கிறது தெரியுமா? கரண்ட் இல்லாத கதவைத் திறக்கும் வழி அதுதான். இன்றே எடுத்துப் பாருங்கள்.

“பொம்பளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் கேட்டார். ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்றொரு பெண் இருந்தார். கணவர் கார்ல் பென்ஸ் செய்த காரை 1888ல் தம் இரு மகன்மாரோடு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். காரில் அத்தனை தூரம் அதுவரை யாரும் போனதில்லை. வழியில் தோல் தேய்ந்த இக்னிஷன் வயரைத் தம் காலுறைப் பட்டியைச் சுற்றிச் சரிசெய்தார் என்று சொல்லப்படுகிறது. வாகன மின்பழுதைப் பாதையில் வைத்துத் திருத்திய முதல் ஆட்களில் ஒருவர் நான்கு பிள்ளைகளின் தாய்! வந்தவருக்கு இதைச் சொன்னேன். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நம் நாட்டில் இது முன்னைவிட அவசியமாகியிருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025ல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களையே எல்லோரும் தேய்த்தோம். 2022ல் பெட்ரோல் இல்லாமல் கிழமைக்கணக்கில் நின்றதில் எத்தனை பெட்டரிகள் செத்தன என்பது உங்களுக்கும் தெரியும்.

நான் இப்போது வயரிங் நானாவிடம் உள்ளதைப் போன்ற ஒரு சின்ன மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பெட்டரியில் வைத்துப் பார்ப்பேன். 12.6 அளவில் இருந்தால் தாங்கி நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே போனால் வற்றிக்கிடக்கிறது. எஞ்சின் ஓடும்போது பார்த்தால் 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருக்க வேண்டும். ஓடும்போதும் 12லேயே நின்றால் டைனமோ வேலை செய்யவில்லை. கலியாண வீட்டுக்குப் போகுமுன் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால் போதும்.

டிக்கியில் இப்போது ஒரு டோர்ச், எச்சரிக்கை முக்கோணம், ஒரு வயர் சோடி இருக்கின்றன. மாமி தம் பங்குக்கு ஒரு வெள்ளைச் சால்வையை மடித்து வைத்திருக்கிறார். சைல்ட் லொக் போட்டபடிதான் இருக்கிறது, அது வேண்டும். ஆனால் பின் ஆசனத்திலிருந்து முன்னுக்கு ஏறி இடது கதவால் இறங்குவது எப்படி என்று பிள்ளைகள் இருவருக்கும் பழக்கியிருக்கிறேன். கார் வீட்டு முற்றத்தில் நிற்கும்போது இரண்டு தரம் செய்து பார்த்தார்கள். மகனுக்கு அது விளையாட்டு. மூன்றாம் தரமும் கேட்கிறான்.

போன மாதம் அக்குறணைக்கு மறுபடி போனோம். திரும்பும்போது கடுகண்ணாவ இறக்கத்தில் அந்தத் தேநீர்க் கடையில் நிறுத்தினேன். பகல் நேரம். பெரியவருக்கு மாமி செய்த தொதல் கொண்டுபோயிருந்தோம். அவர் முதலில் எட்டிப் பார்த்தது எங்களை அல்ல, எங்கள் காரின் விளக்குகளை!